கழிவுக்காக ஒரு பயிற்சியா?

ஒவ்வோர் ஆண்டும் இறுதித் தேர்வு முடிந்து நீண்ட விடுமுறை தொடங்கும் வேளையில், கழகத்துத் தம்பி தங்கைகளில் யாராவது ஒருவர் என்னைத் தேடிப் பிடித்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். “அண்ணே, லைசன்ஸ் எடுத்தவங்களுக்கு மேல்நிலை ஓட்டுநர் பயிற்சின்னு ஒன்னு இருக்காமே, அதுக்குப் போய் சட்டிபிகேட் வாங்குனா இன்சூரன்ஸ் குறையுமா?” பட்டம் பெற்ற பிறகு சில ஆண்டுகள் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. குறையாது என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் வேறு சில கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஆண்டிதழில் எனக்கு ஒதுக்கப்பட்ட பக்கங்களை அவற்றுக்கே பயன்படுத்திக்கொள்கிறேன்.

நம் நாட்டில் வாகனக் காப்புறுதிச் சந்தா நெடுங்காலம் ஒரே விலைப்பட்டியலின்படி கணக்கிடப்பட்டது. வண்டியின் இயந்திரக் கொள்ளளவையும் காப்புறுதித் தொகையையும் பட்டியலில் தேடினால், எந்த நிறுவனத்துக்குப் போனாலும் ஏறத்தாழ அதே தொகைதான். ஓட்டுபவர் பந்தய வீரரா பதற்றக்காரரா என்று பட்டியல் கேட்கவில்லை. 2017ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. விரிவான காப்புறுதிக்கும், தீயும் திருட்டும் சேர்ந்த மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்குப்படி சந்தா விதிக்கலாம் என்றானது. ஓட்டுநரின் வயது, அனுபவம், முன்பு கேட்ட இழப்பீடுகள், வாங்கிய சம்மன்கள் எல்லாம் கணக்கில் வரலாம். ஆனால் பயிற்சிச் சான்றிதழைக் காட்டினால் இத்தனை விழுக்காடு குறையும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. விளம்பரத்தில் அப்படி யாராவது சொன்னால், எந்த நிறுவனம், எவ்வளவு, எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள்.

கழிவு வேண்டும் என்பவர்களுக்குக் கழிவு ஏற்கெனவே இருக்கிறது. நாம் எல்லோரும் என்.சி.டி. என்று சொல்லிப் பழகிய, இழப்பீடு கோராதவருக்கான கழிவு அது. சொந்தக் காருக்கு முதலாண்டு முடிவில் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்தாம் ஆண்டு முதல் 55 விழுக்காடு. மோட்டார் சைக்கிளுக்கு 15, 20, 25 விழுக்காடு, அதோடு சரி. எந்தப் பயிற்சியும் 55 விழுக்காடு தரப்போவதில்லை. அதே வேளையில் இந்தக் கழிவை இழப்பதைப் போன்ற நட்டமும் வேறில்லை. கழிவுக்கு முந்தைய சந்தா 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு கழிவு பெறுபவர் 450 வெள்ளி கட்டுகிறார். தவறு தன் பக்கம் இருந்து ஒரு முறை இழப்பீடு கோரிவிட்டால், அடுத்த ஆண்டு முழுதாக 1,000 வெள்ளி. பிறகு 750, 700, 616.70, 550 என்று இறங்கி, மீண்டும் 450க்கு வர ஐந்து ஆண்டுகள் ஆகும். கூட்டிப் பாருங்கள், வழியில் அவர் கூடுதலாகக் கட்டியது 1,366 வெள்ளி 70 காசு. இழப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்தபோது, 900 வெள்ளி பழுதுபார்ப்புக்காக இந்தக் கழிவைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களுக்குக் கூட்டிக் காட்டவில்லை.

இங்கே நம் வீடுகளில் நடக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் கார் வாங்குவார்கள். அப்பாவின் பழைய கழிவை அந்தக் காருக்கு மாற்றி, அவர் பெயரிலேயே காப்புறுதி எடுத்தால் சந்தா குறைகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் என்.சி.டி. வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. மகன் நான்கு ஆண்டுகள் ஒரு கீறலும் இல்லாமல் ஓட்டினாலும் அந்த நன்மதிப்பு அப்பாவின் கணக்கில்தான் சேரும். காப்புறுதிப் பத்திரத்தில் ஓட்டுநராகப் பெயர் சேர்த்தாலும் இதுவே நிலை. வேலை கிடைத்து 24 வயதில் சொந்தமாக ஒரு மைவி வாங்கப் போகும்போது அவன் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறான். மாறாக, அவன் ஒரு நாள் எதிலாவது இடித்துவிட்டால் போவது அப்பா பல ஆண்டுகள் சேர்த்த 55 விழுக்காடு. அதற்கு மேல், ஓட்டுபவர் 21 வயதுக்குக் குறைந்தவராகவோ, ‘பி’ உரிமம் வைத்திருப்பவராகவோ, பத்திரத்தில் பெயர் இல்லாதவராகவோ இருந்தால் இழப்பீட்டில் முதல் 400 வெள்ளியை நாமே ஏற்க வேண்டும். மலிவாகத் தெரிகிற வழி மகனின் எதிர்காலக் கழிவை அடகு வைத்து வாங்கிய மலிவு. இயன்றவர்கள் ஒரு பழைய வண்டியையாவது பிள்ளையின் பெயரில் வாங்கி, சந்தா கூடினாலும் அவன் கணக்கைத் தொடங்கி வையுங்கள் என்பேன்.

சரி, பயிற்சிக்குக் கழிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து. அங்குப் படிக்கப் போன நம்மவர்கள் சொல்லிக் கேட்டதுதான். அங்கே 1995இல் ‘பாஸ் பிளஸ்’ என்ற பயிற்சி அறிமுகமானது. உரிமம் பெற்ற புதியவர்கள் நகரச் சாலை, மோசமான வானிலை, ஊர்ப்புறச் சாலை, இரவு, இரட்டைத் தடச் சாலை, விரைவுச்சாலை என்று ஆறு பகுதிகளாகப் பயிற்றுநருடன் ஓட்டிப் பழகுவார்கள். குறைந்தது ஆறு மணி நேரம், இறுதியில் தேர்வு கிடையாது. முடித்தவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் பல கழிவு தந்தன. பின்னாளில் அந்த ஆர்வம் குறைந்தது. இன்று கழிவு தருபவை சிலவே, தருகிற கழிவும் பயிற்சிக் கட்டணத்துக்கு ஈடாகாமல் போவதுண்டு.

ஏன் குறைந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. காப்புறுதி நிறுவனங்கள் தர்ம ஸ்தாபனங்கள் அல்ல, வஞ்சகர்களும் அல்ல. பயிற்சி பெற்றவர்கள் உண்மையிலேயே குறைவாக மோதினால், அவர்களைப் போட்டி போட்டுக்கொண்டு இழுக்கத்தான் பார்ப்பார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நார்வேயில் 1979இல், பனியில் வழுக்கும் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்தபோது இளம் ஆண்களிடையே வழுக்குச்சாலை விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. உரிமம் பெற்ற பின் தரப்படும் பயிற்சிகள் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, காக்ரேன் ஆய்வுக் குழுவினர் 2003இல் வெளியிட்ட மதிப்பீடும், அத்தகைய பயிற்சி விபத்தைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்றே முடித்தது.

முதலில் படிக்கும்போது இது நம்ப முடியாததாக இருக்கும். கற்றால் திறமை கூடாதா? கூடும். திறமையோடு துணிவும் கூடுகிறது, துணிவு திறமையை முந்திக்கொண்டு ஓடுகிறது. வழுக்கினால் சமாளிக்கத் தெரியும் என்று நம்புகிற இருபது வயதுக்காரன், வழுக்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்க மாட்டான். தெரியாதவன் பயந்து குறைப்பான்.

என் மேசைக்கு வந்த கோப்புகளும் இதைத்தான் சொல்லின. இளைஞர்களின் விபத்துகளில் ‘ஸ்டியரிங்கை எப்படித் திருப்புவது என்று தெரியவில்லை’ என்ற காரணத்தை நான் கண்டதில்லை. பின்னிரவு, வார இறுதி, காருக்குள் நால்வர், பாட்டு, மழை, முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடையே ஒரு கார் நீளம்கூட இல்லாத இடைவெளி, இவைதான் மாறி மாறி வரும். எங்கள் விடுதியில் ஒரு மாணவன் இருந்தான். கப்சாய் மோட்டாரை அவனைப்போல் ஓட்டுபவர் அந்த வளாகத்தில் இல்லை என்று எல்லோரும் சொல்வோம். ஒரு விடுமுறைக்கு இரவோடு இரவாக ஊருக்குக் கிளம்பினான், பின்னால் அறைத்தோழன். மழை பெய்து ஓய்ந்த வளைவில் வேறு எந்த வண்டியின் சம்பந்தமும் இல்லாமல் சறுக்கி விழுந்தார்கள். ஓட்டியவன் அங்கேயே போய்விட்டான். பின்னால் இருந்தவன் காலில் கம்பி வைத்துக்கொண்டு ஒரு பருவம் தவறவிட்டுத் திரும்பி வந்தான். அவனுடைய மருத்துவச் செலவுக்கு அந்த மோட்டாரின் காப்புறுதியில் வழியே இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். திறமைக் குறைவால் நேர்ந்த மரணம் என்று அதை யாரும் சொல்ல முடியாது.

நம் நாட்டுச் சாலைகளில் 2016இல் மட்டும் 7,152 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதற்காரணம் நோயன்று, சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் அந்த வயதுக்குள்தான் இருக்கிறீர்கள்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? அப்படிச் சொல்ல வரவில்லை. எந்தப் பயிற்சி, எதற்காக என்று பார்க்கச் சொல்கிறேன். கார் நிறுத்துமிடத்தில் கூம்புகளை அடுக்கி, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து ஓட்டவிட்டு, சட்டை ஒன்றும் குழுப்படம் ஒன்றும் தந்து அனுப்பும் பயிற்சியில் கிடைப்பது பெரும்பாலும் அந்தத் துணிவுதான். அதிலும் ஒரு நல்ல பகுதி உண்டு, மறைக்கக் கூடாது. அவசரமாக நிறுத்தும் பயிற்சி. பிரேக்கை முழு பலத்தோடு ஒருமுறைகூட மிதித்துப் பார்க்காமலே பல ஆண்டுகள் ஓட்டுபவர்கள் நம்மில் அதிகம். மோட்டாரில் போகும் தம்பிகள் பலர் முன் பிரேக்கைத் தொடவே அஞ்சுகிறார்கள். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது என்பதைப் பாதுகாப்பான இடத்தில் ஒருமுறை உணர்ந்துவிட்டால் உடம்பு மறக்காது. இதற்கு அரை நாள் போதும்.

நான் பரிந்துரைப்பது வேறு வகை. பிரிட்டன் காவல் துறையினரின் ஓட்டுநர் பயிற்சியிலிருந்து பிறந்த ‘ரோட்கிராஃப்ட்’ என்ற கையேடு 1955இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அங்கு மேல்நிலை வாகனமோட்டிகளுக்கான கழகம் தொடங்கப்பட்டது. அந்தப் பள்ளியில் கைத்திறனைவிடக் கண்ணும் கவனமும் பெரிது. அவர்களுடைய பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. ஓட்டுநர் தாம் காண்பதையும், அதனால் என்ன நடக்கலாம் என்பதையும், தாம் என்ன செய்யப்போகிறார் என்பதையும் பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே போக வேண்டும். இதற்குச் சான்றிதழும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். நம் தமிழிலேயே சொல்லிப் பார்க்கலாம். ‘இடப்பக்கம் பேருந்து நிற்கிறது, அதன் அடியில் இரண்டு கால்கள் தெரிகின்றன, யாரோ குறுக்கே வரப்போகிறார், காலை எண்ணெய்யிலிருந்து எடுக்கிறேன். முன்னால் போகும் லோரியின் பிரேக் விளக்கு எரியவில்லை, ஆனால் அதற்கும் முன்னால் உள்ள கார்களின் விளக்குகள் எரிகின்றன, இவரும் நிறுத்துவார். வலப்பக்கச் சந்தில் ஒரு கார் நிற்கிறது, முன்சக்கரம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஓட்டுநர் குனிந்து கைப்பேசியைப் பார்க்கிறார், நம்மைப் பார்க்கவில்லை.’

ஐந்து நிமிடம் செய்து பாருங்கள், நாக்கு வறண்டுவிடும். முதலில் சிரிப்பு வரும், பிறகு சொல்ல எதுவுமே தோன்றாது. எதுவும் தோன்றவில்லை என்றால் எதையும் பார்க்கவில்லை என்று பொருள். அதுவரை நாம் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கும். இன்னொன்று, வாயால் சொல்லத் தொடங்கியதும் கால் தானாக வேகத்தைக் குறைக்கும், ஏனென்றால் அவ்வளவு வேகத்தில் அவ்வளவையும் சொல்லி முடிக்க முடியாது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் தாண்டுகிறது. ‘பேருந்துக்கடியில் கால்கள்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கால்களைக் கடந்துவிடுவோம். இப்படி ஆபத்தை முன்கூட்டி உணர்கிறார்களா என்று சோதிப்பதை பிரிட்டன் 2002 நவம்பரில் உரிமத் தேர்விலேயே சேர்த்துவிட்டது. நம் கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாகச் சொன்னால் தேர்ச்சி. சாலைக் குறியீட்டின் பொருள் தெரிகிறதா என்று அது அறியும். அந்தக் குறியீட்டின் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தெரிகிறதா என்பதை அது அறியாது. கோப்பி-ஓ லைசன்ஸ் எடுத்தவர்களைப் பற்றி இங்குப் பேச வேண்டாம், அது தனிக் கட்டுரை.

பின்னால் இருந்தவன் கதைக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆவது பிரிவு, எந்த வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. மூன்றாம் தரப்பு என்றால் நம்மைத் தவிர எல்லோரும் என்று பலர் நினைக்கிறார்கள். இலவசமாக நம் வண்டியில் வரும் நண்பர்களுக்கான பொறுப்பை அந்தக் கட்டாயம் உள்ளடக்கவில்லை. உங்கள் கவனக்குறைவால் காயமுற்ற நண்பர் உங்கள்மேல் வழக்குத் தொடுத்தால், சாதாரணக் காப்புறுதிப் பத்திரம் கை கழுவிவிடும். விரிவான காப்புறுதி எடுத்திருந்தாலும், பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்ற கூடுதல் காப்பைத் தனியாகக் கேட்டு, சிறிது கூடுதலாகக் கட்டித்தான் வாங்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ஒவ்வொரு காரிலும் நான்கு ஐந்து பேர் எண்ணெய்க் காசைப் பங்கு போட்டுக்கொண்டு போகிறீர்கள். அந்தக் காரின் பத்திரத்தை எடுத்து அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தாவில் இருபது முப்பது வெள்ளி குறைக்க வழி தேடி என்னிடம் வருபவர்களில் யாரும் இதுவரை இந்தக் காப்பைப் பற்றிக் கேட்டதில்லை.

பயிற்சியைவிட விபத்தைக் குறைப்பதில் நல்ல பெயர் வாங்கியது கட்டுப்பாடுதான். நியூசிலாந்து 1987இல் புதியவர்களுக்குப் படிப்படியாக உரிமம் தரும் முறையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் பின்னிரவில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, அனுபவம் கூடக் கூடத் தடைகள் விலகும். நம் ‘பி’ உரிமம் இரண்டாண்டுக் காலம், ஆனால் அந்த ஒட்டுவில்லையைத் தவிர இரவுக்கோ நண்பர்களுக்கோ அது எந்த வரம்பும் போடவில்லை. சட்டம் போடாததை வீடு போடலாம். நம் அம்மாக்கள் தங்கைகளுக்கு ‘இருட்டுறதுக்குள்ள வந்துடு’ என்று சொல்வதைத் தம்பிகளுக்கும் சொன்னால் போதும். காப்புறுதிக் கணக்கின்படி அந்த அறிவுரை தம்பிகளுக்குத்தான் அதிகம் தேவை!

காப்புறுதி நிறுவனங்களிடமும் நான் ஒன்று கேட்பேன். வயதைப் பார்த்து விலை வைப்பதில் நியாயம் இருக்கிறது, கோப்புகளைப் பார்த்தவன் அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த விலையைக் கவனமாக ஓட்டும் இளைஞனும் கட்டுகிறான், கண்மண் தெரியாமல் ஓட்டுபவனும் கட்டுகிறான். சிங்கப்பூரில் மூன்றாண்டுகள் குற்றப்புள்ளி வாங்காமல் ஓட்டியவருக்குப் போக்குவரத்துக் காவல் துறை நற்சான்று தருகிறது, அதற்குப் பல நிறுவனங்கள் 5 விழுக்காடு கூடுதல் கழிவு தருகின்றன. ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்ததற்கான பரிசன்று, மூன்றாண்டு நடத்தைக்கான பரிசு. இங்கும் சம்மன் இல்லாத இளம் ஓட்டுநருக்கு அப்படி ஒன்று தந்தால், சந்தா குறைய வேண்டும் என்ற ஆசையே சிவப்பு விளக்கில் அவனை நிறுத்தும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கழகம் ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, மேடை அலங்காரத்துக்குச் செலவாகும் தொகை எனக்கும் தெரியும், நானும் செயலவையில் இருந்தவன்தான். அந்தத் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, தீபாவளி விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பாக ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். காலையில் தகுதி பெற்ற பயிற்றுநர் ஒருவரை அழைத்து, மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு அவசர நிறுத்தப் பயிற்சி. மாலையில் மூத்த மாணவர் ஒருவர், இளைய மாணவர் இருவர் என்று காரில் ஏறி, வளாகத்தைச் சுற்றி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டும் பயிற்சி, அதுவும் தூய தமிழில். பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கு இதில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. இடையில் தேநீர் வேளையில் எல்லோரும் காப்புறுதிப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள், எந்த வரி இருக்கிறது, எது இல்லை என்று உட்கார்ந்து படிப்போம்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் யாராவது இதை முன்மொழியுங்கள். வழிமொழிய முன்னாள் உறுப்பினர்களுக்கு உரிமையில்லை என்று கழகச் சட்டவிதியில் இருக்கிறது. பயிற்றுநர் கட்டணத்தில் பாதியை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று அதில் இல்லை. பொருளாளர் என்னைத் தொடர்பு கொள்ளலாம்.